புதுப் பானையில் கரைத்த மாவு

காலை ஐந்தே கால் மணி. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு பீர் போத்தல். மலாக்காவில், ரெம்பியாவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரியும். அக்காவின் மாமியார் மண்ணெண்ணெய் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, போத்தலின் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தார். உள்ளேயிருந்த வெள்ளைத் திரவத்தில் ஏறக்குறையக் கால் பங்கை ஒரு புது மண்பானைக்குள் ஊற்றினார். கையை விட்டு மாவைக் கலக்கி, பானையை அடுப்பின் வெதுவெதுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி மூடினார். கள் வாடை கூடம்வரை வந்தது. நான் எழுந்து உட்கார்ந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மாவு அப்படியே கெடக்கு தம்பி. இந்த மழக் குளிருக்குத் தேங்காத் தண்ணி பொங்குமா? ஒங்கக்கா சொன்னா கேக்க மாட்டா. நீங்க வாய மூடிக்கிட்டு இருங்க. வெந்தா எல்லாம் போயிரும்," என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று கிறிஸ்துமஸ். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அக்கா அதற்கு நான்கு வருடம் முன்பு ஒரு கிறிஸ்தவரை மணந்துகொண்டாள். தோட்ட ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அவர். லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் கங்காணியாக இருந்த அப்பா அன்றிலிருந்து அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. அம்மா முன்பே இறந்துவிட்டாள். நான் மலாக்கா டவுனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் இரண்டு வீட்டுக்கும் போவேன். ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டில் பேசமாட்டேன். அந்த வருடம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பா, "பண்டிகைக்குக் கூப்பிட்டா வர்றேன்னு சொல்லு," என்றார்.

அப்பாவுக்குச் சாப்பாடு போடுவது எளிதல்ல. மார்கழி முழுவதும் கவிச்சி தொடமாட்டார். அதைவிடப் பெரியது கள் விஷயம். ஒரு காலத்தில் அவரும் நன்றாகக் குடித்தவர்தான். கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய ஒருவன் வழியில் கால்வாயில் விழுந்து செத்த பிறகு, அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, உயிருள்ளவரை தன் தொண்டையில் கள் இறங்காது என்று சத்தியம் செய்தார். அவருக்குப் பின்னால் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் பலர் வரிசையாக வந்து சூடம் அணைத்தார்கள். நான் சொல்லும் கிறிஸ்துமஸின்போது அந்தச் சத்தியத்துக்கு வயது ஆறு. அப்பாவிடம் சொத்து என்று வேறு எதுவும் இல்லை.

அக்கா எல்லாவற்றையும் யோசித்திருந்தாள். புது மண்பானையும் புது ஆப்பச்சட்டியும் மலாக்கா பசாரில் வாங்கிவரச் சொன்னாள். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். கோழிக் குழம்பும் பன்றி வறுவலும் பின்புறக் கொட்டகையில் வேக வேண்டும். கணவரும் கொழுந்தனும் வாங்கிவைத்திருந்த பிராந்தி ஆஸ்பத்திரி மருந்து அலமாரிக்குப் போய்விட வேண்டும். அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் ஆப்பம். மாமியார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கள் ஊற்றித்தான் மாவைப் புளிக்கவைப்பார். அப்பாவுக்காக அக்கா தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்து, முந்தின இரவே புதுப் பானையில் தனியாக மாவு கரைத்தாள். இவ்வளவு பாடு எதற்கு, அவருக்குச் சோறும் சாம்பாரும் போதுமே என்றேன்.

"சோறு போட்டா அவரு விருந்தாளிடா. எல்லாரும் திங்கறத அப்பாவும் திங்கணும். இந்த வீட்டு ஆளா ஒக்காரணும். நாளைக்கு ஒக்காந்துட்டா அப்பறம் நான் அங்க வரலாம்ல," என்றாள்.

ஏழரை மணிக்கு ஜெபக்கூடத்திலிருந்து திரும்பியதும் நேராக அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தாள். மாவு விளிம்புவரை பொங்கி நின்றது. மற்றப் பானைகளின் கள் வாடை ஏற்கெனவே அங்கே நிறைந்திருந்ததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "தேங்காத் தண்ணியே போதும்னு சொன்னேன்ல, இங்க வந்து பாரு," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அது சரியான நேரம் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அப்பா பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். வெளுத்த வேட்டி, குடை, குழந்தைக்கு ஒரு வெள்ளி அரைஞாண். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். அக்காவிடம் முதலில் சொன்னது, "எளைச்சுப் போயிட்ட," என்பதுதான். எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். அக்கா புதுச் சட்டியிலிருந்து ஆப்பத்தை எடுத்து அப்பாவின் இலையில் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றினாள். ஓரம் முறுகலாகவும் நடு பஞ்சாகவும் வந்திருந்தது. அப்பா மூன்று சாப்பிட்டார். நான்காவதைக் கேட்டு வாங்கினார்.

டிரஸ்ஸரின் தம்பி அதற்குள் மருந்து அலமாரிக்கு மூன்று தரம் போய்வந்திருந்தான். கெட்டவன் அல்ல. பெரியவர் சகஜமாக இருக்கிறார் என்று அவனும் சகஜமாகிவிட்டான்.

"நல்லாச் சாப்பிடுங்க லா மாமா. கள்ளே ஆகாதுன்னு சொன்னாங்க, நாலாவது ஆப்பம் கேக்கறீங்களே."

"ஆப்பத்துக்கும் கள்ளுக்கும் என்ன தம்பி?" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

"கள்ளு ஊத்தாம இந்த வீட்டுல என்னைக்கு ஆப்பம் சுட்டிருக்கு?"

"அப்பாவோடது வேற பானை," என்றாள் அக்கா சட்டென்று. சொல்லிக்கொண்டே மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்துபோய்ப் பானையில் மிச்சமிருந்த மாவை முகர்ந்தாள்.

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. "யாரு ஊத்துனா?" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் என் இலையைப் பார்த்தேன். வெளியே மழை பிடித்திருந்தது.

"நான்தாம்ப்பா," என்றாள் அக்கா.

அப்பா எழுந்தார். பின்கட்டுக்குப் போய்த் தொண்டைக்குள் விரலை விட்டு, வாழை மரத்தடியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். வாய் கொப்பளித்தார். குடையை எடுத்துக்கொண்டு, "நாலு வருசம் கழிச்சு இதுக்குத்தான் கூப்பிட்டியா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. நானும் அவருடன் நடந்தேன். பஸ்ஸில், "ஒனக்குத் தெரியுமா?" என்றார். "தெரியாதுப்பா," என்றேன்.

அந்த வாரமே கோயிலில் ஆட்களைக் கூட்டி, மகள் வீட்டில் தன் சத்தியம் போய்விட்டது என்று அவரே சொன்னார். தெரியாமல் சாப்பிட்டதற்குக் குற்றமில்லை என்று பூசாரி சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஏற்காதது லயத்துக்கு வசதியாகப் போயிற்று. "கங்காணி தின்னா ஆப்பம், நாம குடிச்சா மட்டும் கள்ளா?" என்று சொல்லிக்கொண்டு சூடம் அணைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்குத் திரும்பினார்கள். அப்பா பிறகு குடிக்கவும் இல்லை, குடிக்காதே என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஏன் பழியை ஏற்றாய் என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "அப்பா பஸ் ஏறிப் போயிருவாரு. நான் இந்த அம்மாகூடத்தான இருக்கணும்," என்றாள். விடியலில் நான் விழித்திருந்ததை அவளிடமும் சொல்லவில்லை. மாமியார் அதன்பின் எனக்கு எப்போதும் இரண்டு கரண்டி கூடுதலாகவே பரிமாறினார்.

சில வருடங்களில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நான் அப்போது பத்திரிகையில் சேர்ந்து, ஒரு நாளைக்கு மூன்று பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு அவருடன் இருந்தேன். ஒரு பிற்பகல், "அக்காவுக்கு எழுது, வரட்டும். என்னாத்துக்கு அப்படிச் செஞ்சான்னு ஒரு தரம் கேக்கணும். அது போதும்," என்றார். எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். தினமும் காலையில், "பதில் வந்துச்சா?" என்றார். இன்னும் வரவில்லை என்றேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன்.