சாம்பியன் ரீப்ஸில் ஒரு கறவை மிஷினைச் சந்தேகப்பட்ட காலை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, விடிவதற்கு முன்பே கோலார் தங்கவயலில் ஒரு மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தேன். காரணம் என் மனைவி சாந்தியின் மணிக்கட்டு. ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று கறவை மாடுகள். கறப்பது அவள்தான். இப்போது கையை மடக்கவே முடியவில்லை. மிஷின் வாங்க வேண்டும், இல்லையென்றால் மாடுகளை விற்க வேண்டும். புது மிஷினுக்கு வசதியில்லை.

தங்கவயலின் ஒரு பகுதியான சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் செல்வம் என்பவர், ஒரு வருடம்கூட ஆகாத மிஷினைப் பதினெட்டாயிரத்துக்குத் தருவதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பாதி விலை. வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவன் நான். உடனே சந்தேகம் வந்துவிட்டது. போனில் கேட்டால், "ஞாயித்துக்கெழம வாங்க சார், மத்த நாள் பெங்களூர் ட்ரெயின் புடிக்கணும்" என்றார். ஞாயிறு மட்டும்தான் காட்டுவாராம்! திங்கட்கிழமையே வருகிறேன் என்றேன்.

நான் எலக்ட்ரீஷியன். பேனல் போர்டில் எந்த இணைப்பு சூடாகிறது என்று பார்க்க, போனில் செருகும், சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமரா வைத்திருக்கிறேன். மிஷின் காம்பை வதைத்தால், கறந்து முடித்ததும் காம்பு சூடேறிப் படத்தில் சிவப்பாகத் தெரியும் என்று எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காட்பாடியிலிருந்து பங்காருப்பேட்டைக்கு ரயில். அங்கே மாறினால் மாரிகுப்பம் கிளைப்பாதை, மொத்தமே பதினாறு கிலோமீட்டர். ஞாயிறு இரவு ராபர்ட்சன்பேட்டையில் அறுநூறு ரூபாய் அறையில் தங்கினேன். காலை நாலரைக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"இன்னா சார் இந்நேரத்துக்கு? யாருக்கனா ஒடம்பு சரியில்லையா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு மாட்டைப் படம் எடுக்கணும்" என்றேன். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேடு தாண்டும்வரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

செல்வமும் அவர் மனைவி கலாவும் இரண்டு மாடுகளோடு காத்திருந்தார்கள். காம்புகளைக் கழுவியதும் உலரத் துடைக்கச் சொன்னேன், ஈரமிருந்தால் படம் பொய் சொல்லும். கறப்பதற்கு முன் எடுத்த படத்தில் இரண்டு மாடுகளுக்கும் நான்கு காம்பும் ஒரே மஞ்சள். செல்வம் முதல் மாட்டின் காம்புகளில் மிஷினின் உறிஞ்சும் கப்புகளை மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் குழாயில் பால் வருவது நின்றது. மிஷின் மட்டும் வெறுமனே உறிஞ்சிக்கொண்டிருந்தது. மாடு காலை மாற்றி மாற்றி வைத்தது.

"கழட்டலாமேம்மா" என்றேன்.

"ஐயோ, நான் தொட மாட்டண்ணா. அவரு வந்துதான் கழட்டுவாரு" என்றார் கலா.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி செல்வம் வந்து கழற்றினார். மறுபடி படம் எடுத்தேன். முன்காம்பு இரண்டும் செக்கச்செவேல். மாட்டிக்கொண்டாயடா என்று மனதுக்குள் துள்ளினேன். ஆனால் அழுத்தம் காட்டும் மீட்டர் சரியாக இருந்தது. அதுதான் உறுத்தியது. இரண்டாவது மாட்டுக்குக் கப்பு மாட்டியதும் செல்வம் டிபன் சாப்பிட உள்ளே போனார். பால் நின்றதும் நானே வால்வை மூடிக் கப்புகளை இறக்கினேன். படம் எடுத்தால் நான்கு காம்பும் கிட்டத்தட்ட முன்பிருந்த அதே மஞ்சள்.

மிஷின் தங்கம். குற்றம், பால் நின்ற பிறகும் அதை ஓடவிட்ட அவர் குளியலில் இருந்தது. வேலைக்குப் போகாத ஞாயிறு அன்று அவர் பக்கத்திலேயே நின்று கறந்திருப்பார், எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

நான் வாயைத் திறக்காமல் பணத்தைக் கொடுத்திருக்கலாம். பைக்குள் கையும் போய்விட்டது. அதற்குள் கலா என் போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, இது மட்டும் செவப்பா கீது? இந்த மாடுதான் மிஷின் வந்ததுல இருந்து ஒதைக்குது. அதான் விக்கிறோம்."

சாந்தியின் வீங்கிய கை கண்முன் வந்தது. இருந்தாலும், மிஷினில் குறையில்லை, பால் நின்றதும் கழற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன். செல்வம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஷின் நல்லாத்தான் கீதுன்னு வாங்க வந்தவரே சொல்றீங்க. இதுல இன்னா சார் உள்குத்து? வெல கொறைக்கவா?"

வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்ட எனக்கு அது சுருக்கென்று தைத்தது. கலா மட்டும் சந்தேகப்படவில்லை. "எப்பிடி மூடுறதுன்னு எனக்குக் காட்டுங்கண்ணா. நாங்க விக்கல" என்றார். காட்டிக் கொடுத்தேன். செல்வம் ரயிலுக்கு ஓடினார். நான் வெறுங்கையோடு அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தேன்.

பழைய மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு: வேலை நாளில் போங்கள், அவர்கள் அவசரத்தில் கறப்பதைப் பாருங்கள். கறப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே தூரத்திலிருந்து படம் எடுங்கள். வெயில் படும் இடத்தில் எடுக்காதீர்கள். மடி முழுக்கச் சூடாக இருந்தால் அது நோயாகவும் இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தி, "மிஷின் எங்க?" என்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நன்றாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பால் வாளியை என் கையில் கொடுத்தாள்.