சேர்மன் குடித்த தண்ணீர்

தொண்ணூறுகளில், தாம்பரத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு ஒரு சேர்மன் இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பழைய மொபெட், தெருமுனை வரை கேட்கும் குரல். தண்ணீர் சரியில்லை என்று யார் புகார் சொன்னாலும் இன்ஜினீயரை அனுப்ப மாட்டார். தானே வந்து, அந்த வீட்டில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்.

எங்கள் தெருக் குழாயில் துருநிறத்தில் தண்ணீர் வந்தது. புகார் கொடுத்தோம், வந்தார். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது.

"ஒரு டம்ளர் தண்ணி குடும்மா."

வீட்டுக்கு வந்த சேர்மனுக்குப் போய் அந்தத் தண்ணீரையா கொடுப்பது? பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சீரகம் போட்டுக் காய்ச்சி வைத்திருந்தாள் என் மனைவி. அதை வெள்ளி டம்ளரில் நீட்டினாள்.

மடமடவென்று குடித்தார். "நல்லாத்தானேம்மா கீது!" என்றார். மொபெட் கிளம்பிவிட்டது. தெரு மொத்தமும் எங்களை முறைத்தது.

அடுத்த வாரம் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தோம். இந்த முறை குழாய்த் தண்ணீர். அதே டம்ளரில் நீட்டினாள் என் மனைவி. ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கோணியது. மீதியையும் குடித்து முடித்தார். பிறகு அந்தப் பெரிய குரலைத் தணித்து, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இதாம்மா தண்ணி. அன்னிக்கு நீ குடுத்தது மரியாதை."

சீக்கிரமே குழாயை மாற்றினார்கள்.

"குழாய்த் தண்ணி இல்லைன்னு தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாரே?" என்று இன்றும் கேட்பேன்.

"தெரு பூரா நிக்கும்போதா?" என்பாள் என் மனைவி.