முதல் ஆட்டக்காரர் அஞ்சலை

எங்கள் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. யாராவது முதன்முறையாக எங்கள் கேமை ஆடிப் பார்க்கும்போது, அதைச் செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இங்கே தொடு, அங்கே பார் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. நம்மை அறியாமல் கை நீண்டுவிடும் என்பதால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நாளைக்கு ஊரெல்லாம் இதை ஆடும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் நாமா போய்ச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று கேட்பார் கிருஷ்ணப்பிரியா.

அவர்தான் எங்கள் முதலாளி. கோவில்பட்டிப் பக்கம், முப்பத்திரண்டு வயது. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் ஒரு பட்டறையின் மேல்மாடியில் எங்களை வைத்துக்கொண்டு போன் கேம் செய்கிறார். கீழே மிஷின் அடித்தால் மேலே எங்கள் டீ டம்ளர் தானாக நகரும். பாபு புரோகிராம் எழுதுகிறவன், பக்கத்தில் அம்பத்தூர் ஓ.டி.யிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் காட்டுப்பாக்கத்திலிருந்து தினம் வந்து படம் வரைகிறேன். கேமில் பின்னால் ஓர் எருமை வரும், அதை வரைந்தது நான்தான். அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலைக்கா வெள்ளானூர்க்காரர். நாற்பத்தாறு வயது. ஆபீஸைப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்க வந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கிருஷ்ணப்பிரியா சும்மா அவர் கையில் போனைக் கொடுத்து, புதுக் கேமை ஆடச் சொன்னார். அக்கா முதல் படத்திலேயே நின்றுவிட்டார். நாங்கள் எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்ததில், எங்கே தொட்டால் ஆட்டம் ஆரம்பிக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. படித்த யாருக்கும் அது தெரியாமல் போனதில்லை, ஆகவே யாரும் எங்களிடம் சொன்னதுமில்லை. அதைத் திருத்தினோம். அந்தக் கேம் நன்றாக ஓடியது. அடுத்த மாதமே அக்காவுக்கு 'முதல் ஆட்டக்காரர்' என்று அச்சடித்து, போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கிடைத்தது. டீ போட வேறு ஆள் வந்தாயிற்று. சம்பளமும் கூடியது.

அந்த அட்டையை அக்கா வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வருவார். மகள் லாவண்யாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று தலை நிமிர்ந்து சொன்னாராம். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

இந்த வருஷம் நாங்கள் செய்தது 'குடம்' என்ற கேம். தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. ஒருத்தி இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏற வேண்டும். வேகமாக நடந்தால் தண்ணீர் தளும்பிக் கொட்டும். மெதுவாக நடந்தால் லாரி கிளம்பிப் போய்விடும். நடுவில் ஈர சிமென்ட், துணிக்கொடி, சைக்கிள் விடும் குழந்தை, பிறகு என் எருமை. வழியை மறித்துக்கொண்டு, யாரையும் மதிக்காமல், அசை போட்டபடி தெருவைக் கடக்கும். வெள்ளானூர்ப் பக்கம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உட்கார்ந்து வரைந்த எருமை அது.

போன இரண்டு கேமும் படுத்துவிட்டன. இதைப் பெங்களூரில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டால் ஆபீஸ் பிழைக்கும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான் என்று கிருஷ்ணப்பிரியா எங்கள் எல்லோரிடமும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். கேமை அனுப்ப வேண்டிய நாள் ஒரு திங்கட்கிழமை. அதுவரை நாலு வெள்ளிக்கிழமைகள் இருந்தன. ஒவ்வொரு வெள்ளியும் அஞ்சலைக்கா ஆட வேண்டும், அவர் திணறும் இடத்தை நாங்கள் திருத்த வேண்டும்.

முதல் வெள்ளிக்கு முந்தின நாள்தான் அந்தப் பேச்சு அக்கா காதில் விழுந்தது. கிருஷ்ணப்பிரியா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அஞ்சலைக்காவுக்கு இப்ப எல்லாம் தெரிஞ்சுபோச்சு. கண்ணு பழகிடுச்சு. இந்தக் கேமுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியாத புது ஆளாத்தான் பாக்கணும்."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை. நாலு வருஷமாக ஆடி ஆடி, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஊரில் உள்ள கேமையெல்லாம் ஆடிப் பார்த்து, அக்கா கைதேர்ந்தவராகி இருந்தார். எந்த வேலையிலும் தெரிந்தவருக்குத்தான் மரியாதை. இவருக்கு மட்டும் தெரியாததால் கிடைத்த வேலை, தெரிந்துகொண்டதால் போகப் போகிறது.

ஆகவே அக்கா தெரியாத மாதிரி நடித்தார். பிற்பாடு அவரே எனக்குச் சொன்னதுதான் இதெல்லாம்.

முதல் வெள்ளி, குடத்தை நாலு தடவை சிமென்டிலேயே கொட்டினார். "இத்த எப்படி தாண்றது, ஒண்ணியும் புரியலயே" என்றார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பிரியாவின் முகம் சுருங்கியது. கேமிலிருந்து ஈர சிமென்ட் போனது. இரண்டாம் வெள்ளி, லாரி கிளம்புகிற வரைக்கும் துணிக்கொடிக்குக் கீழேயே நின்றார். லாரி இரண்டு மடங்கு நேரம் காத்திருக்க ஆரம்பித்தது. மூன்றாம் வெள்ளி, எருமைமேல் ஏழு தடவை மோதினார். எருமையைத் தூக்கிவிட்டார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னா மச்சான் இது," என்றான் பாபு என்னிடம். "எருமையும் போச்சு, சிமென்ட்டும் போச்சு. தண்ணியும் தளும்பாத மாதிரி பண்ணிட்டேன். இனிமே இத்த யாரு ஆடுவா?"

கிருஷ்ணப்பிரியா அவனைக் கடிந்துகொண்டார். அக்கா நாலு வருஷமாக ஒரு தடவையும் தவறாகக் காட்டியதில்லை, அவருக்குப் புரியாவிட்டால் ஊருக்கே புரியாது என்றார். இதைக் கேட்டுக்கொண்டே தன் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா, கழுவினதையே மறுபடி மறுபடி கழுவினாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். நம்பிக்கையைத் தாங்குவதுதான் கஷ்டம்.

நாலாவது வெள்ளி காலையில், ஆவடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, அக்கா போனை எடுத்தார். பாபு ஏற்றிக் கொடுத்த முதல் வாரத்துக் கேமும் அதில் இருந்தது, திருத்திய கேமும் இருந்தது. முதலில் திருத்தியதை ஆடினார். நாலு மாடிக்கு ஒரு குடம் ஏற்றினார், இன்னொரு குடம் ஏற்றினார், ஒரு சொட்டு கொட்டவில்லை. திருமுல்லைவாயல் வருவதற்குள் கொட்டாவி வந்தது. அப்புறம் பழையதை எடுத்தார். மூன்றாவது மாடிப் படியில் அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டினார். மறுபடி. எருமை போகிற வரைக்கும் பொறுக்காமல் இடித்தார். மறுபடி. எஸ்டேட் ஸ்டாப் போனதே தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பஸ் பாடி மேம்பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

இறங்கித் திரும்பி நடந்துவந்து பஸ் ஏறுவதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் ஒரு வேலையைக் காப்பாற்ற, எங்கள் ஏழு பேர் வேலைக்கும் உலை வைத்துவிட்டார். சொன்னால் அட்டை போகும். சொல்லாவிட்டால் ஆபீஸே போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தவருக்கு, இப்போது சோற்றையே காணோம். லாவண்யாவுக்குப் பார்த்திருக்கும் வீட்டில் என்ன சொல்வது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. எஸ்டேட்டில் இறங்காமல் இப்படியே திரும்பி ஊட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாராம்.

பதினொன்றரைக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கிருஷ்ணப்பிரியா ஏற்கெனவே கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா எங்கள் போனைத் தொடவில்லை. தன் போனை எடுத்தார். பழைய கேமைத் திறந்தார்.

சிமென்டை ஓரமாகத் தாண்டினார். துணிக்கொடிக்குக் குனிந்தார். எருமை வந்ததும் சரியாக ஒரு அடி தள்ளி நின்று, அது வாலை ஆட்டிவிட்டுப் போனதும் நடந்தார். நாலாவது மாடி போய், அடுத்த குடத்துக்கு இறங்கி வந்து, மறுபடி ஏறும்போது படியில் கால் வேகமாகிக் கொட்டிவிட்டார். "சே, நான்தான் அவசரப்பட்டேன்" என்று முணுமுணுத்தபடி, யாரும் சொல்லாமலே மறுபடி ஆரம்பித்தார்.

அப்புறம் நிறுத்தினார். தலையை நிமிர்த்தாமல், கிருஷ்ணப்பிரியாவிடம், "எல்லாம் தெரியும் பாப்பா. மூணு வாரமா தெரியாத மாதிரி நடிச்சுக்கினு கீறேன்" என்றார். போனில் பேசியதைக் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

பாபு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மூணு வாரம் அக்கா. நைட்டும் பகலும் உக்காந்து, நல்லா இருந்தத நாங்களே நாசம் பண்ணிகீறோம்." எனக்கும் ஆத்திரம் வந்தது, மறைப்பானேன். எருமையின் ஞாபகம் வேறு.

கிருஷ்ணப்பிரியா கைகளை வெளியே எடுத்து, மூன்று வாரமாகக் குறித்துவைத்திருந்த நோட்டைப் புரட்டினார். அக்கா அட்டையின் நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"உண்மையிலேயே புரியாதது ஏதாவது இருந்துச்சாக்கா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பிரியா.

"ஒண்ணே ஒண்ணு. ஆட்டம் ஆரம்பிக்க லாரி ஹாரன தொடணும்னு மெய்யாலுமே தெரில."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் அப்படியே வோணும் பாப்பா. தண்ணி கொட்டினா, ஐயோ நம்ம தப்புன்னு தோணணும். போனு ஏமாத்திடுச்சுன்னு தோணக் கூடாது. பழசு அப்படித்தான் கீது. இப்ப பண்ணி வெச்சுகீறதுல தண்ணி கொட்டவே மாட்டுது. கொட்டாத தண்ணிய தூக்கிக்கினு போறதுல இன்னா கீது?"

கிருஷ்ணப்பிரியா தலையை ஆட்டினார். "சரிதான். ஆனா இனிமே நீங்க முதல் ஆட்டக்காரர் இல்லக்கா."

"தெரியும்" என்று சொல்லி அக்கா அட்டையைக் கழற்றினார். மேசைமேல் வைக்க மனசு வராமல் கையிலேயே மடக்கி வைத்துக்கொண்டார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

பழைய கேம் பாபுவிடம் பத்திரமாக இருந்தது. ஹாரனை மட்டும் பெரிதாக்கி மின்ன வைக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் அதையும் புது ஆள் ஒருவர் ஆடிப் பார்க்காமல் அனுப்ப முடியாது. எஸ்டேட் கேட் ஓரம் இட்லிக் கடை வைத்திருக்கும் தாயம்மாவை அக்காதான் போய் அழைத்து வந்தார். அந்த அம்மா போனில் பேசுவதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

"கடைய பக்கத்து ஆளாண்ட உட்டுட்டு வந்துகீறேன். சீக்கிரம் சொல்லு, இன்னா பண்ணணும்?" என்றார் தாயம்மா.

பாபு போனை மட்டும் அவர் கையில் கொடுத்தான். கிருஷ்ணப்பிரியா எழுந்து, தான் எப்போதும் உட்காரும் நாற்காலியை அஞ்சலைக்கா பக்கம் தள்ளினார். அக்கா தயங்கி உட்கார்ந்தார். அட்டையோடு சேர்த்துக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

தாயம்மா ஹாரனைத் தொட்டார். அது சரியாயிற்று. சிமென்டில் கொட்டினார். மறுபடி கொட்டினார். மூன்றாவது தடவை லாரி போய்விட்டது. நாலாவது தடவை எருமைமேல் நேராகப் போய் இடித்தார். அக்காவின் உதடு அசைந்தது, நில்லு என்று சொல்லத் துடித்தது, சத்தம் வரவில்லை.

"இதெல்லாம் எனக்கு ஒத்து வராது" என்று தாயம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். கதவு வரைக்கும் போனார். பாபு தலையில் கை வைத்துக்கொண்டான். அஞ்சலைக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்த தாயம்மா அப்படியே நின்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான்தான் நேரா போய் இட்ச்சேன்" என்றார் தனக்குத்தானே. "அது போற வரைக்கும் நின்னா போதும்போல கீது." திரும்பி வந்தார். "குடு அத்த."

போனை எடுத்து உட்கார்ந்துவிட்டார். கீழே மிஷின் அடித்தது, டம்ளர் நகர்ந்தது, தாயம்மா நிமிரவில்லை. கிருஷ்ணப்பிரியா, யார் எந்த இடத்தில் திணறினார்கள் என்று தான் குறித்துவைக்கும் நோட்டைப் பேனாவோடு அஞ்சலைக்கா மடியில் வைத்தார். "இனிமே நீங்க பாத்து எழுதுங்கக்கா" என்று காதோடு சொன்னார்.

அக்கா நோட்டைப் பார்த்தார். தாயம்மா அப்போதுதான் எருமைக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். அது போய் முடிகிற வரைக்கும் அக்கா கையை வெளியே எடுக்கவில்லை.