சாய்ந்த கதிர்

ஒரத்தநாட்டில் வேலை முடிந்து, கதிர் அரிவாளோடு கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். கீழ்வேளூர் பக்கம் ஒரு மிராசுதார் வெளியூர் ஆட்களுக்கு அறுப்பு வேலை தருவதாகச் சொன்னார்கள். உள்ளூர் ஆட்கள் கூடுதல் கூலிநெல் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

ஊரை நெருங்கியபோது வரப்பில் எனக்கு முன்னால் ஒரு பெண் போனாள். ஒடிசலான, உயரமான உடம்பு; ஒரு கையில் சிவப்புக்கொடி சுற்றிய மூங்கில் கழி. வரப்பில் சாய்ந்து கிடந்த கதிர்களை மற்றக் கையால் அள்ளி, மிதிபடாமல் வயலுக்குள் ஒதுக்கிவிட்டுக்கொண்டே நடந்தாள்.

"யார் வயலுங்க?" என்றேன்.

"மிராசுதாரு வயலுதான். அதுக்காக நெல்லை மிதிக்கலாங்களா?" என்றவள் என் அரிவாளைப் பார்த்தாள். "அறுக்க வந்தீங்களோ?"

"பசிக்குது. எனக்கு இதுல தப்பு தெரியல. சரி தப்புங்கிறதெல்லாம் அவங்கவங்க நினைப்புதானே."

"நீங்க எப்படி நினைச்சாலும் எங்க வூட்டு அடுப்பு எரியாது, அண்ணே."

"வெளைஞ்சதை அறுக்காம உதிர விடுறீங்களே, அது மட்டும் சரியா?" மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

அவள் நின்றாள். "அதுவும் தப்புதான். ஆனா ஆட்சி மாறியும் அவரு அளக்குற கூலி மாறல. அதையே வாங்கிக்கிட்டு புள்ளைங்கள பட்டினி போடுறது அதைவிடத் தப்பு. நாளைக்கு அறுக்க வந்தா இந்த வரப்புலயே மறிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். தான் செய்வதும் தப்பென்று ஒப்புக்கொண்டு, அதிலிருந்து ஓர் அடியும் பின்வாங்காத ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கீழ்வேளூர்க் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் மாவாட்டச் சேர்ந்தேன். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும்.