பாலாற்றுப் பக்கத்துக் கிணறு

காலை பத்து மணி, பதினோரு குடம், கவுன்சிலர் சரோஜா. நாளிதழ் நிருபரான எனக்குச் செய்தி அவ்வளவுதான். மற்றதெல்லாம் அச்சில் வராது. நகராட்சி மன்றக் கூட்டங்களில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொதிக்க வைத்தால்

தொண்ணூறுகளின் பின்பாதி, காஞ்சிபுரம். சரோஜாவின் வார்டில் குடிநீர்க் கிணற்றுக்குப் பின்னால் சாயப்பட்டறைகள். பட்டுநூல் தோய்த்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கிணற்றில் ஊறியது. பெரிய ஆலைகளுக்கு விதி இருந்தது; தெருவுக்குள் இருந்த பட்டறைகளைக் கேட்பாரில்லை. அவற்றுக்கும் சட்டம் வேண்டும் என்று அரசைக் கேட்கும் தீர்மானத்தோடு வந்தவர், கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக மன்றத் தலைவரின் மேஜைக்கு முன் வைத்தார்.

மூத்த உறுப்பினர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "லேசா கலர் இருக்குது. கொதிக்க வச்சா போயிடும்மா."

சரோஜா ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார். "கொதிக்க வச்சதுதாண்ணே இது. குடிங்க."

தெளிந்த தொட்டி

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அதற்குள் பட்டறைக்காரர் எத்திராஜ் என்னைக் கூட்டிப்போய்த் தன் கழிவுத் தொட்டியைக் காட்டினார். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். சாயக்காரர்கள் பார்வை அது: சாயம் காய்ச்சும் கொப்பரையில் தண்ணீர் வெளுத்தால் சாயமெல்லாம் நூலில் ஏறிவிட்டது, தண்ணீரில் ஒன்றுமில்லை.

நானும் நம்பினேன். ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு இருவருமாக ஏனாத்தூர்க் கல்லூரி வேதியியல் பேராசிரியையிடம் போனோம். சோதித்துவிட்டு, "கலர் போச்சுங்க. குரோமியம்னு விஷ உலோகம், அது அப்படியே இருக்குது. மண்ணுல இறங்கினா வருஷக்கணக்கா இருக்கும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது எத்திராஜ் சொன்னார்: "அந்தக் கிணத்துலதான் சார் என் பொண்ணும் தண்ணி எடுக்குது."

அலுவலகத்திலிருந்து

செய்தியைப் போனில் சொன்னேன். உதவி ஆசிரியர் முழுக்கக் கேட்டார். "போட்டுடலாம். அதே பக்கத்துல பட்டுச் சேலை விளம்பரம் வருது, பார்த்து எழுதுப்பா."

பார்த்துத்தான் எழுதினேன். ஒரு வரியும் குறைக்கவில்லை.

வாக்கெடுப்பு

அடுத்த கூட்டத்தில் சாயக்காரர்கள் மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். எத்திராஜ் பேச அனுமதி கேட்டு எழுந்ததும், எதிர்க்கத்தான் போகிறார் என்று கைதட்டினார்கள். சரோஜாவின் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம பட்டு கிழிஞ்சாலும் சாயம் போவாதுன்னு சொல்லிக்கினுதானே விக்கிறோம்? சேலையில போவாதது கிணத்துல மட்டும் எப்படிப்பா போவும்? சட்டம் வரட்டும். முதல்ல என் பட்டறைக்கு வரட்டும்."

தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று பலருக்குத் தெரியவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காஞ்சிபுரத்துக்காரன் என்று நான் நெஞ்சு நிமிர்த்தி எழுதிய செய்தி அது.

அடுத்த ஆண்டு தை மாதம் எத்திராஜின் பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டி ஓடத் தொடங்கியது. சட்டம் இன்னும் அரசின் பரிசீலனையில் இருந்தது.