இருக்கிறதிலேயே சின்னது

முட்டாள்தனத்தில் நான் சுமாரான ஆள் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அந்த அடக்கமும் போய்விட்டது. பட்டுத்தறி ஓடுகிற வீட்டுக்குள், கொறிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் பிராணி ஒன்றை, நாலு ரகம் பார்த்து, பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுத்து, மடியில் வைத்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். எலி தானாக வந்தால் அது எலியின் குற்றம். வரவேற்று அழைத்து வந்தால் யார் குற்றம் என்று கேட்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு கீழே ஒரு கூடம், மேலே ஓர் அறை. கீழே குழித்தறி. அது என் மனைவியுடையது. மேலே கம்ப்யூட்டர். அது என்னுடையது. புடவைகளுக்குக் கட்டம் கட்டமாக மாங்காயும் மயிலும் போட்டுக் கொடுப்பது என் வேலை. நெய்யத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை தறியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு விரற்கடை நெய்வதற்குள் மூன்று இடத்தில் இழையை அறுத்தேன். அன்றிலிருந்து, கூடத்தில் செருப்புக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் எனக்கும்: வாசலோடு நிற்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் தறியில் இருந்தது மனைவியின் தங்கையுடைய முகூர்த்தப் புடவை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுக்கமாட்டார்கள். கூடப் பிறந்தவர்களில் யாராவது ஒருவர் தன் கையால் நெய்து கொடுக்க வேண்டும். கூடப் பிறந்தவள் என் மனைவி ஒருத்திதான். மற்ற ஆர்டர்களை ஒதுக்கிவைத்துவிட்டு அரக்கு நிறத்தில் பாவு ஏற்றியிருந்தாள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஆயிரக்கணக்கில் இருக்கும். நெய்யாத மீதிப் பாவைச் சுருட்டி, தறிக்குப் பின்னால் சுவரோரம் கட்டிவைத்திருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மறுபடி பாவு ஏற்றி, முதலிலிருந்து நெய்ய அவகாசம் கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆறாவது படிக்கும் என் மகள் குள்ள வெள்ளெலி கேட்டாள். ‘ஹாம்ஸ்டர்’ என்று சொன்னாள். எலி என்ற வார்த்தை அதில் இல்லாததால் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் மெதுவாக எடுத்துவிட்டேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“பல்லு இருக்குதா?”

“சின்னப் பல்லு.”

“எலிக்கு மட்டும் இன்னா, யானைப் பல்லா?”

“இது கூண்டுலயே இருக்கும்மா” என்றாள் மகள். “மாடியிலயேதான் இருக்கும். நான் பாத்துக்கறேன்மா.”

மனைவி ரசத்தைப் பிசைந்தபடி யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “மாடியோட நிக்கணும். ஒரு படி கீழ எறங்குச்சின்னா நான் திட்டமாட்டேன், கத்தமாட்டேன். உங்ககூடப் பேசமாட்டேன், அவ்ளோதான்.”

திட்டுவாள் என்றால் எனக்குப் பயம் கிடையாது. பதினான்கு வருஷப் பழக்கம். பேசமாட்டேன் என்று அவள் அதுவரை சொன்னதே இல்லை. சொன்ன விதமும் பிடிக்கவில்லை. சாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிளி, மீன், நாய்க்குட்டி விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நாலு கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். நான் கட்டம் போட்ட தாளை விரித்தேன். ஆமாம், தாள் கொண்டு போயிருந்தேன். வால், கடி, வேகம் என்று பத்தி பிரித்திருந்தேன். தொழில் புத்தி.

மகளுக்கு முதல் பெட்டியில் இருந்த வின்டர் ஒயிட்டின் மேல்தான் ஆசை. “குளிர்காலத்துல முழுசா வெள்ளையாயிடும்பா!”

“காஞ்சிபுரத்துக்குக் குளிர்காலம் எப்ப வந்துச்சு? மார்கழில ரெண்டு நாள் மூக்கு ஒழுகுமே, அதுவா?”

“குளிருக்கு இல்லண்ணே” என்றார் கடைக்காரர். “பகல் நேரம் சுருங்குனாத்தான் வெள்ளையாவும். நம்ம ஊர்ல பகல் எங்க சுருங்குது? ஆனா சாதுண்ணே. கையில வெச்சா உக்காந்துக்கினு இருக்கும். முதல்தடவ வாங்கறவங்களுக்கு இதான் சரி.”

இரண்டாவது கேம்பெல். பார்க்க முதலாவதின் தம்பி மாதிரி இருந்தது. தூக்கத்தில் எழுப்பினால் கடிக்குமாம். எழுப்பினால் கடிக்கிறவன் வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறேன். மூன்றாவது சைனீஸ். ஒல்லி, நன்றாகக் கம்பி ஏறும். ஆனால் பின்னால் விரல் கணு நீளத்துக்கு வால் இருந்தது. அந்த வாலைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் தெரிந்தது. தாளில் அந்த வரியை அடித்தேன்.

நாலாவது ரோபோரோவ்ஸ்கி. என் கட்டைவிரல் அளவுதான். மணல் நிறம், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். வால் இருக்கிறதா என்று விளக்கடித்துத்தான் தேட வேண்டும். ஓர் இடத்தில் நிற்கவில்லை. பெட்டியின் இந்த மூலையில் பார்த்தால் அந்த மூலையில் இருந்தது.

“நாலுலயும் சின்னது எது?” என்று கேட்டேன்.

“இதாண்ணே. ஆனா கையில நிக்காது, பாக்கறதுக்குத்தான். கண்ணாடித் தொட்டிலதான் வெக்கணும். கம்பிக் கூண்டுல வெச்சா ஓடிடும்.”

அவர் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது ‘இதாண்ணே’ மட்டும்தான். இருக்கிறதிலேயே சின்னது என்றால் சேதமும் இருக்கிறதிலேயே சின்னதாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மகள் முதல் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கண்ணாடித் தொட்டி வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் காதல் பறவைகள் செத்துப்போய்க் காலியாக ஒரு கூண்டு கிடந்தது. கம்பிகளுக்கு நடுவில் என் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. என் விரலே போகாத இடத்தில் அது எப்படிப் போகும்? விரலுக்குள் எலும்பு இருப்பதையும், அந்தப் பிராணி பெரும்பாலும் மயிர்தான் என்பதையும் நான் யோசிக்கவில்லை. செத்த பறவைகளின் கூண்டு என்பதையும் யோசிக்கவில்லை.

இதெல்லாம் எந்த ஊர்க்காரனும் செய்யக்கூடிய தப்பு. நான் செய்த அடுத்த தப்பைச் செய்யத் தறிவீட்டுக்காரனாக இருக்க வேண்டும்.

படுக்கைக்குக் காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர். காகிதமா? பட்டு ஊரில் இருந்துகொண்டா? முந்தைய புடவை நெய்தபோது மிஞ்சிய கழிவு நூல், கிளிப்பச்சை, ஒரு பையில் கிடந்தது. இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். சீமையிலே கூட எந்த எலிக்கும் சுத்தப் பட்டு மெத்தை கிடையாது என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

“கால்ல மாட்டிக்கும்பா, நூல் போடக் கூடாதுன்னு போட்டிருக்குது” என்று போனைக் காட்டினாள்.

“அது நைலான் நூலுக்கு. இது பட்டு.”

அது பட்டை முகர்ந்தது. நூலில் அரிசிக்கஞ்சி வாசனை இருக்கும். பாவுக்குக் கஞ்சி போடுவது வழக்கம். முன்னங்கால்களால் நூலை இழுத்துக் கன்னத்துக்குள் திணித்தது. இழுத்தது, திணித்தது. இரண்டு கன்னமும் வீங்கி, கொண்டு போய் மூலையில் துப்பி, உருண்டையாகச் சுற்றி உள்ளே புகுந்துகொண்டது. நாங்கள் கை தட்டினோம். படுக்கை என்றால் பட்டு என்று அதற்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. நாளுக்கு நாள் வயிறு பெருத்தது. என் கவனிப்பு என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, அது ஏறி ஓடுவதற்காகக் கூண்டில் மாட்டியிருந்த சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கவில்லை. உருண்டையை விலக்கினேன். இல்லை. பச்சை நூலும் பாதிக்கு மேல் இல்லை.

மகளிடம் சொன்னேன், மனைவியிடம் சொல்லவில்லை. “அம்மாகிட்ட சொல்லிடலாம்பா” என்றாள். “கிடைச்சதும் சொல்லலாம்” என்றேன். கிடைத்த பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண்.

அறைக்கதவோரம் நாலு சூரியகாந்தி விதை வைத்தேன். மறுநாள் வெறும் தோல் கிடந்தது. அது அறையை விட்டு வெளியே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, மாடிப்படியின் முதல் படியில் வைத்தேன். மறுநாள் அங்கே தோல். அடுத்த நாள் மூன்றாம் படி. தோல். ஏழாம் படி. தோல். ஒவ்வொரு காலையும் குனிந்து பொறுக்கும்போது, இன்னும் எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே போனேன். கீழே என் மனைவியின் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் படி பதின்மூன்று.

பத்தாம் படியில் நான் விதை வைத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடப் பையோடு மகள் மேலே நின்று பார்த்தாள்.

“அப்பா.”

“இன்னாம்மா?”

“நீதான்பா அத கீழ கூட்டிக்கினு போற.”

விதையைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை நான் எதுவுமே வைக்காத பதின்மூன்றாம் படியில், சுவரோரம், ஒரு முழ நீளத்தில் கிளிப்பச்சை நூல் ஒன்று கிடந்தது.

அதற்கு மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்: “இழ அறுந்துக்கினே இருக்குது.”

தறியில் இழை அறுவது புதிதல்ல. சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள். ஆனால் இது வேறு மாதிரி என்றாள். “ஒரே எடத்துல அறுவுது. பின்னாலருந்து பாவ இழுக்க இழுக்க, முழத்துக்கு ஒருதரம், அதே எடம். நூலு சரியில்ல போல இருக்குது.”

சுருட்டி வைத்த துணியில் ஓர் இடத்தில் ஓட்டை போட்டால், விரிக்கும்போது எத்தனை இடத்தில் ஓட்டை வரும்? கட்டம் போட்டுப் பிழைக்கிற எனக்கு அது உடனே புரிந்தது. சுவரோரம் சுருட்டிக் கட்டியிருந்த மீதிப் பாவு கண்முன் வந்தது. அதில்தான் முந்தி வர வேண்டும். என் வாய் சொன்னது: “ஆமா, இப்பல்லாம் நூலு சரியா வர்றதில்ல.”

அவள் போனை எடுத்து நூல் கொடுத்தவரை ஒரு பிடி பிடித்தாள். அந்தப் பக்கத்தில் மனுஷன் கெஞ்சுவது எனக்கே கேட்டது. நான் மாடிக்குப் போய் மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை வைத்தாலும் அந்த மயில் என்னையே பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பக்கத்துத் தெருவுக்குச் சாம்பிராணி வாங்கப் போனாள். வாசலோடு நிற்க வேண்டியவன் உள்ளே போனேன். கூடத்தில் ஒரே புழுக்கம். தறி ஓடாத கூடம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. நகத்தால் தீப்பெட்டியைச் சுரண்டுவது மாதிரி. நின்றது. மறுபடி.

மிதிகட்டை இருக்கும் குழிக்குள் இறங்கினேன். பின்மூலையில், செங்கல் பெயர்ந்த பொந்தில், என் முஷ்டி அளவுக்கு ஓர் உருண்டை. வெளியே முழுக்க அரக்குப் பட்டு. நாலைந்து இடத்தில் ஜரிகை மின்னியது. கையை வைத்தேன். சூடாக இருந்தது. நூலை விலக்கினால் உள்ளே ரோஜா நிறத்தில், கண் திறக்காமல், அரிசி வடகம் அளவில், நெளிந்துகொண்டிருந்தன. ஐந்தோ ஆறோ. நாலு ரகத்தில் சின்னதைத் தேடிப் பிடித்தவனுக்கு அதைவிடச் சின்னது கிடைத்துவிட்டது. நடுவில் வெள்ளைப் புருவத்தோடு தாய் என்னைப் பார்த்தது. ஓடவில்லை.

தலைக்கு மேலே நிழல் விழுந்தது. மனைவி குழிக்கு மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாம்பிராணிப் பொட்டலம்.

கத்தவில்லை. குனிந்தாள். உருண்டையைப் பார்த்தாள். “மூடுங்க. காத்து படுது, குட்டிங்க” என்றாள். மூடி, உருண்டையை அப்படியே கையில் ஏந்திக்கொண்டேன்.

பிறகு இரண்டு விரலால் உருண்டையிலிருந்து ஓர் இழையை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்பக்கத்து இழை. பச்சை.

“இது நீங்க குடுத்தது.”

தலையாட்டினேன். இன்னொன்றை உருவினாள். அரக்கு. அதைக் கொண்டுபோய்த் தறிப்பாவின் மேல் வைத்தாள். வைத்த இடத்தில் இழை காணாமல் போயிற்று, அவ்வளவு ஒன்றாக இருந்தது.

“இது சின்னதுதான்…” என்று ஏதோ ஆரம்பித்தேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. “நாலு ரகத்துல இதான்…”

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. சுவரோரம் போய் மீதிப் பாவின் கட்டை அவிழ்த்து இரண்டு சுற்று பிரித்தாள். மூன்றாம் சுற்றில் நிறுத்திக்கொண்டாள். நான் நின்ற குழியிலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள்.

அவள் உட்கார்ந்து முதல் அறுந்த இழையின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, சாம்பலைத் தொட்டாள்.

வாசலில் கேட் திறக்கும் சத்தம். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருப்பாள் மச்சினி. ஒவ்வொரு ஞாயிறும் ஷிப்ட் முடிந்து வந்து புடவை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவது வழக்கம். “மாமா, முந்தி ஆரம்பிச்சாச்சா?” என்று செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு கேட்டாள்.

நான் குழிக்குள் இடுப்பளவு நின்றபடி, கையில் அந்தச் சூடான உருண்டையோடு, மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டேன்: “இப்ப இவகிட்ட இன்னா சொல்றது?”

அவள் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க.”