சண்முகவேல் அண்ணாச்சியின் பவர் ஸ்டீயரிங்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது பாளையம்பட்டியிலிருந்து அண்ணாச்சியின் மனைவி பொன்னுத்தாய் மதினி போன் செய்தார். "தம்பி, அவுக போயிட்டாக" என்றார். சண்முகவேல் அண்ணாச்சி சில மாதங்களாகவே படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு, பாதி திறந்த கடையை மறுபடி பூட்டினேன்.

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய இடது கையும் தெரிந்திருக்கும். இளவயதில் பருத்தி மில் இயந்திரத்தில் சிக்கிய கை. கியர் போடுமளவுக்கு அசையும். அதற்கு மேல் தூக்க வராது. தொண்ணூறுகளில் நாங்கள் கூட்டாக மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தோம். தூத்துக்குடி துறைமுகத்தில் ஓட்டிக் கழித்த ஒரு வெளிநாட்டுப் பிக்கப் வண்டியை அவர் தேடிப்பிடித்து வாங்கியதே அதிலிருந்த பவர் ஸ்டீயரிங்குக்காகத்தான். ஒரே கையால் திருப்பலாம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பயப்பட மட்டும் தெரியும்.

வீரசோழனில் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு மதியம், திருச்சுழிக்கு முன்னால் கண்மாய்க்கரை வளைவில் ஸ்டீயரிங் இறுகிப்போனது. எதிரே பஸ். அண்ணாச்சி ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தார். வண்டி பஸ்ஸை நோக்கியே போனது. "பிடிங்க தம்பி" என்றார். எட்டிப் பிடித்து நானும் இழுத்தேன். பஸ் எங்களை உரசாமல் கடந்தபோது அதன் டிரைவர் என்ன திட்டினார் என்பதுகூட என் காதில் விழவில்லை.

ஆள் வைத்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். ரப்பர் குழாய் வெடித்து எண்ணெய் முழுவதும் ஒழுகி, வறண்டு ஓடிய பம்பும் கெட்டுவிட்டதாக மெக்கானிக் சொன்னார். அந்தப் பம்பு கிடைப்பது கஷ்டம், சாதா ஸ்டீயரிங்கை மாட்டிவிடலாம் என்றார். அண்ணாச்சியின் உடன்பிறந்தவர்களுக்கும் அதுதான் சரி. டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் விரும்பினேன். அண்ணாச்சி சொன்னார்: "சாதா ஸ்டீரிங்க மாட்டுனா, அந்த வண்டியில நானும் ஒரு லோடுதான்."

பிறகு யாரும் வற்புறுத்தவில்லை. தூத்துக்குடியில் பழைய சாமான் கடைகளில் அலைந்து வேறொரு வண்டியின் பம்பைக் கொண்டுவந்தோம். அளவு சேரவில்லை. பட்டறையில் அதைத் தாங்க ஒரு இரும்புச் சட்டம் அடித்து, புதுக் குழாய் போட்டு, எண்ணெய் ஊற்றி, காற்று வெளியேறும்வரை ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். அது முனகிய ஒவ்வொரு முறையும் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது மதினி முந்திக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். இறங்கச் சொன்னதற்கு, "வீட்ல உக்காந்து பயப்படுறதுக்கு இங்கனயே பயந்துக்கிறேன்" என்றார். நான் பின்னால் லோடு ஏற்றும் இடத்தில் ஏறி நின்றுகொண்டேன். பந்தல்குடி சாலையில் லாரி மேல் லாரியாக வந்தது. ஊரைத் தாண்டி ஒரு திடலில் அண்ணாச்சி வண்டியை ஒற்றைக் கையால் முழு வட்டமாகத் திருப்பினார். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் காலையில் வண்டிக்கு அடியில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அன்று வெளியே எடுக்கமாட்டார். வத்தல் விலை ஏறி நின்ற ஒருநாள் நான் கோபப்பட்டேன். "பயம் இருக்கட்டும் தம்பி. அதுவும் நம்ம கூட வரட்டும்" என்றார்.

சில வருடங்கள் ஓட்டினார். திடீரென ஒருநாள் வண்டியை விற்றுவிட்டார். ஏனென்று கேட்டேன். முந்தின நாள் வீரசோழனிலிருந்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான், வழி நெடுக ஒரு இடத்திலும் பயமே வரவில்லை என்பது உறைத்ததாம். பயம் போனால் கவனமும் போய்விடும் என்றார்.

என் பயந்த சுபாவத்தை எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். அவர் அதற்குப் பக்கத்து சீட்டைக் கொடுத்திருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மரியாதையைத்தான்.